கற்பனை எண்ணும் மெய்ப் பரப்பும்

நாம் மேல்வகுப்பிற் கணிதம் பயின்ற காலத்தில், தொகையீட்டுக் கணக்கொன்று எம்மை ஒரு மாலைப்பொழுது முழுவதும் அலைக்கழித்தது. அடுக்குக்குறிச் சார்பொன்றும் கோசைன் சார்பொன்றும் பெருக்கப்பட்டு நின்றன. அப்பெருக்கத்தைத் தொகையிடுதல் வேண்டும். பகுதிகளாகத் தொகையிடும் முறையை ஒருகால் வழங்கினோம். கோசைன் இருந்த இடத்திற் சைன் வந்தது. மற்றுமொருகால் வழங்கினோம், சைன் போய்க் கோசைன் மீண்டது. ஆனால் இரண்டாம் முறை பகுதிகளை மாற்றிப் பிடித்துவிட்டமையால், முன்னர்க் கட்டியதெல்லாம் அவிழ்ந்து, இடப்பக்கத்து நின்றதே வலப்பக்கத்தும் நின்றது. எழுதிய வரி உண்மையானதுதான்; ஆயினும் அவ்வுண்மையால் யாதொரு பயனும் இல்லை. மறுநாள் எம் ஆசிரியர் கொப்பியைப் பார்த்துவிட்டு, வெண்கட்டியை எடுத்து, மூன்று வரிகளில் விடையைப் பலகையில் எழுதினார். முதல் வரியில் −1 இன் வர்க்கமூலம் உள்ளே நுழைந்தது. மூன்றாம் வரியில் வந்த சுவடு தெரியாமல் வெளியேறிவிட்டது.

ஆண்டுகள் பல கழிந்தபின் நாமே கரும்பலகையின் அருகே நிற்க நேர்ந்தது. அதே கணக்கை அதே மூன்று வரிகளிற் செய்து காட்டினோம். பின்வாங்கிலிருந்து ஒரு மாணவர் எழுந்து, “சேர், இல்லாத எண்ணைக் கொண்டு உள்ள பரப்பை அளக்கலாமோ?” என்று வினவினார். “விடை சரியாக வருகிறதல்லவா? வகையிட்டுப் பார்” என்றோம். அவர் வகையிட்டுப் பார்த்தார், சரியாகவே வந்தது, அமர்ந்துகொண்டார். ஆயினும் அவர் முகம் தெளியவில்லை. தெளியாமைக்குக் காரணமும் உண்டு. அவர் கேட்டது விடையைப் பற்றியன்று, வழியைப் பற்றி. அவர் இன்று இக்கல்லூரியின் பழைய மாணவருள் ஒருவர். இம்மலர் அவர் கையை எட்டுமாயின், அன்று நாம் இறுக்காது விட்ட கடனை இக்கட்டுரை ஓரளவேனும் தீர்க்கும் என நம்புகின்றோம்.

குறியீடுகள் பற்றி முதலில் ஒரு சொல். ஈண்டு யாவற்றையும் தமிழெழுத்தாலேயே எழுதுவோம். தமிழில் வீசகணித நூலொன்று 1855 ஆம் ஆண்டிலேயே யாழ்ப்பாணத்தில் அச்சேறிவிட்டமையால், இதனைப் புதுமையென எவரும் கருதார். கோணத்தைக் க எனவும், பிறிதொரு மாறியை ய எனவும், −1 இன் வர்க்கமூலத்தை இ எனவும், வட்டத்தின் பரிதிக்கும் விட்டத்துக்கும் உள்ள விகிதத்தைப் பை எனவும் குறிப்போம். அடுக்குக்குறிச் சார்பை அடு(ய) என எழுதுவோம். கோணங்கள் ஆரையனில் அளக்கப்பட்டவை. இவற்றோடு இன்னுமோர் எழுத்து வேண்டும். இக்கட்டுரையின் தலைவன் அவனே:

சு = கோசைன் க + இ சைன் க

சுழல்வதாதலின் அதற்குச் சு என்று பெயரிட்டோம். அலகு ஆரையுள்ள வட்டத்தின்மேல், மையத்திற் க என்னும் கோணத்தை அமைத்து நிற்கும் புள்ளியே சு. க வளர வளர, சு வட்டத்தைச் சுற்றி வரும்.

இனி மாணவரின் வினாவுக்கு வருவோம். சிக்கலெண் ஒன்று இரண்டு மெய்யெண்களைத் தன்னுட் கொண்டது. இரு சிக்கலெண்கள் சமம் என்பதன் பொருள், அவற்றின் மெய்ப்பகுதிகள் தம்முட் சமம், கற்பனைப் பகுதிகளும் தம்முட் சமம் என்பதேயாகும். ஆகவே சிக்கலெண்களாலான ஒரு சமன்பாடு, உண்மையில் இரண்டு மெய்ச் சமன்பாடுகளை ஒருங்கே எழுதும் எழுத்துமுறை. கடைக்காரர் ஒரே பேரேட்டில் இரண்டு பத்திகள் வரைந்து இரண்டு கணக்குகளை எழுதுவதில்லையா? அதுபோல, சிக்கற்சார்பொன்றைத் தொகையிடுதல் என்பது மெய்ப்பகுதியை ஒரு பத்தியிலும், கற்பனைப் பகுதியை மறு பத்தியிலும் தனித்தனியே தொகையிடுதலாகும். இ என்பது இரண்டாம் பத்தியைச் சுட்டும் அடையாளம். இல்லாத எதனையும் நாம் அளக்கவில்லை. உள்ள இரண்டு பரப்புகளை ஒருங்கே அளக்கின்றோம்.

அவ்வாறாயின் அவற்றை ஏன் தனித்தனியே அளத்தலாகாது என்று கேட்கலாம். அளக்கலாம், ஆனால் இலகுவாக அளக்க இயலாது. சைனும் கோசைனும் தனித்தனியே நிற்கையில், வகையிடுந்தோறும் ஒன்று மற்றொன்றாக மாறும். குறியும் இடையிடையே புரளும். நாம் அன்று கொப்பியில் வழிதவறியது இவ்விரண்டின் ஓட்டத்தினாலேயே. அவற்றைச் சு என்னும் ஒரே எண்ணாகக் கட்டிவிட்டால் ஓட்டம் நின்றுவிடும். வட்டத்தின்மேற் செல்லும் புள்ளியின் வேகம் ஆரைக்குச் செங்குத்தாக இருக்கும் என்பதை இயக்கவியல் கற்றோர் அறிவர். ஒரு சிக்கலெண்ணை இ என்பதாற் பெருக்குதல், அதனை மையத்தைச் சுற்றி ஒரு செங்கோணத்தினூடே திருப்புதலாகும். எனவே சு என்பதைக் க குறித்து வகையிட்டால் வருவது இ × சு. வகையிடல் வெறும் பெருக்கலாகிவிட்டது! தன் வகையீடு தன் மாறா மடங்காக அமையும் சார்பு அடுக்குக்குறிச் சார்பேயன்றி வேறில்லை; க சுழியாகும்போது சு 1 ஆதலின்,

சு = அடு(இக)

என்னும் புகழ்பெற்ற சர்வசமன்பாடு பெறப்படும். வகையிடல் பெருக்கலாயின், தொகையிடல் வகுத்தலாகும். இம்முறையின் ஆற்றல் முழுவதும் இந்த ஒரு வசனத்தில் அடங்கியுள்ளது.

எம்மை அலைத்த கணக்கை இப்பொழுது பார்ப்போம். அடு(2ய) கோசைன் 3ய என்பதைத் தொகையிடுக. இது அடு((2 + 3இ)ய) என்பதன் மெய்ப்பகுதி. அதனைத் தொகையிட (2 + 3இ) ஆல் வகுத்தால் போதும். வகுத்தற்கு மேலும் கீழும் உடன்புணரியாகிய (2 − 3இ) ஆற் பெருக்குக. கீழே 4 + 9 = 13 வரும். மேலே மெய்ப்பகுதியை எடுத்தால்,

அடு(2ய) (2 கோசைன் 3ய + 3 சைன் 3ய) ÷ 13

என்பது விடை, தொகையீட்டு மாறிலியைச் சேர்த்துக் கொள்க. மெய்ப்பகுதியை எடுக்கும் அதே வேளையில் கற்பனைப் பகுதியையும் நோக்குவீராயின், அடு(2ய) சைன் 3ய என்பதன் தொகையீடும் அங்கே கேளாமலே வந்து நிற்கும்: அடு(2ய) (2 சைன் 3ய − 3 கோசைன் 3ய) ÷ 13. பேரேட்டின் இரண்டாம் பத்தி வீணாவதில்லை.

கற்பனை எண்கள் நுண்கணிதத்தினுள் நுழைந்ததே தொகையீட்டின் வாயிலாகத்தான் என்பது பலரும் அறியாத செய்தி. 1702 ஆம் ஆண்டில் யோகான் பேணூலி, 1/(1 + ய²) என்பதை இரண்டு கற்பனைப் பின்னங்களாகப் பிரித்து, வட்டத்தோடு தொடர்புடைய தொகையீடும் மடக்கையோடு தொடர்புடைய தொகையீடும் உறவினர் என்று காட்டினார். 1714 இல் ஆங்கிலேயராகிய ரோஜர் கோற்ஸ், மேலே நாம் எழுதிய சர்வசமன்பாட்டை மடக்கை வடிவில் வெளியிட்டார். அவர் 1716 இல், 33 வயதிலேயே, மறைந்துவிட்டமையால் அது பெரிதும் கவனிக்கப்படாது கிடந்தது. அதனை அடுக்குக்குறி வடிவில் அமைத்து உலகறியச் செய்தவர் ஒயிலர். 1748 இல் வெளிவந்த அவருடைய முடிவிலிப் பகுப்பாய்வு முன்னுரை நூலில் அது காணப்படும். ஆயினும் இவர்களுள் ஒருவரும் இ என்பதை ஒரு திருப்பமாகக் கண்டாரல்லர். அப்படத்தை வரைந்தவர் கணிதத்தைத் தொழிலாகக் கொள்ளாத நில அளவையாளர் ஒருவர். வெசல் என்னும் நோர்வே நாட்டவர். அவர் 1797 இல் வாசித்தளித்த கட்டுரை 1799 இல் அச்சாகியும், ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு காலம் உறங்கிக் கிடந்தது. ஆகவே, எம் மாணவரின் ஐயம் பெருங்கணிதர் பலர்க்கும் இருந்த ஐயமே. அவர் நாணவேண்டியதில்லை.

இனி வரையறுத்த தொகையீடுகளுக்குச் செல்வோம். இம்முறையின் அழகு முழுவதும் அங்கேயே உண்டு.

க என்னும் கோணம் 0 முதல் 2பை வரை செல்லும்போது சு ஒருமுறை வட்டத்தை வலம்வரும், சு² இருமுறை வரும், சு³ மும்முறை, 1/சு எதிர்த்திசையில் ஒருமுறை. எத்தனை முறை வந்தாலும், ஒவ்வொரு நிலைக்கும் நேரெதிரே ஒரு நிலை உண்டாதலின், ஒன்றையொன்று ஈடுசெய்துவிடும். அவற்றின் மையப்போலி மையத்திலேயே விழும். எனவே சு என்பதன் எந்த முழுவெண் அடுக்கையும் ஒரு முழுச் சுற்றுக்குத் தொகையிட்டால் வருவது சுழி. ஒன்றுக்கு மாத்திரம் விலக்கு: சுழியாம் அடுக்கு. அது 1, சுழலாது நிற்பது, அதன் தொகையீடு 2பை. ஆதலின், முழுச் சுற்றுக்குரிய தொகையீடு எதுவாயினும், சார்பைச் சு என்பதன் அடுக்குகளாக விரித்து, சு இல்லாத உறுப்பை மட்டும் பொறுக்கி, 2பையாற் பெருக்கினால் விடை வந்துவிடும். அங்கே தொகையிடல் என்பதே இல்லை. பொறுக்கல் ஒன்றுதான் உண்டு.

கோசைன் க என்பதன் ஆறாம் அடுக்கை 0 முதல் 2பை வரை தொகையிடுமாறு கேட்கப்பட்டால், படியிறக்கச் சூத்திரத்தை மும்முறை பயன்படுத்துதல் வழக்கம். நாமோ, சு + 1/சு = 2 கோசைன் க என்பதை மட்டும் நினைவிற் கொள்வோம். (சு + 1/சு) என்பதன் ஆறாம் அடுக்கை ஈருறுப்புத் தேற்றத்தால் விரித்தால் குணகங்கள் 1, 6, 15, 20, 15, 6, 1. நடுவிலுள்ள 20 என்பதே சு இல்லாத உறுப்பு. 2 இன் ஆறாம் அடுக்காகிய 64 ஆல் அதனை வகுத்து 2பையாற் பெருக்க, 5பை/8. பத்தாம் அடுக்காயின் நடுக்குணகம் 252. அதனை 1024 ஆல் வகுத்து 2பையாற் பெருக்க 63பை/128. ஒற்றையடுக்குகளுக்கு நடுவுறுப்பே இல்லை. ஆகவே விடை சுழி. எல்லையில்லாத் தொகையீடு வேண்டுமென்பார்க்கும் அதே விரிவு உதவும்: கோசைன் க என்பதன் ஆறாம் அடுக்கு, (கோசைன் 6க + 6 கோசைன் 4க + 15 கோசைன் 2க + 10) ÷ 32 என விரிந்து நிற்றலைக் காண்க. இதன்பின் செய்யவேண்டியதைச் சிறு வகுப்பு மாணவரும் செய்வர்.

பரீட்சைத்தாள்களில் விரும்பி வைக்கப்படும் மற்றொரு கணக்கு: 1/(5 + 4 கோசைன் க) என்பதை 0 முதல் 2பை வரை தொகையிடுக. அரைக்கோணத்தின் தான்சனைப் பிரதியிடுதல் இதற்கு வழக்கமான முறை. அதிலே ஒரு பள்ளம் உண்டு. க சுழியாகும்போதும் 2பையாகும்போதும் அரைக்கோணத் தான்சன் சுழியே. எல்லைகளை மாத்திரம் மாற்றிவிட்டு மேலே செல்பவர், 0 முதல் 0 வரை தொகையிட்டு, விடை சுழி என்று எழுதிவிடுவார். தொகையிடப்படும் சார்போ எங்கும் 1/9 இலும் குறையாதது. அதன் பரப்பு எவ்வாறு சுழியாகும்? இடையிற் பையாகிய கோணத்தில் தான்சன் முடிவிலிக்குத் தாவுவதை அவர் மறந்துவிட்டார். இப்பள்ளத்தில் விழுந்தோர் தொகை பெரிது. நாமும் அதனுள் ஒருவர்.

சு கொண்டு நோக்கினால், 5 + 4 கோசைன் க என்பது (2 + சு)(2 + 1/சு) எனப் பிரியும்; பெருக்கிப் பார்க்க. 1/(2 + சு) என்பதைப் பெருக்கல் விருத்தியாக விரித்தால்,

½ (1 − சு/2 + சு²/4 − …)

மற்றையதும் இவ்வாறே, சு இருக்கும் இடத்தில் 1/சு வைத்து. இரண்டையும் பெருக்கும்போது சு இல்லாத உறுப்புகள், ஒத்த அடுக்கு ஒத்த அடுக்கோடு சேரும் இடங்களிலேயே தோன்றும். அவை ¼ (1 + 1/4 + 1/16 + …); அதாவது ¼ × 4/3 = 1/3. எனவே தொகையீடு 2பை/3.

எல்லாவற்றிலும் எமக்கு இனிய கணக்கு இன்னொன்று. அடு(கோசைன் க) என்பதையும் கோசைன்(சைன் க) என்பதையும் பெருக்கி முழுச் சுற்றுக்குத் தொகையிடுக. கோசைனின் உள்ளே சைன். பார்த்த மாத்திரத்தே அஞ்சத்தக்கது. பகுதிகளாகத் தொகையிடலும் பிரதியீடும் இங்கே கைகொடா. ஆனால் அது அடு(சு) என்பதன் மெய்ப்பகுதியன்றோ? அடு(சு) = 1 + சு + சு²/2 + சு³/6 + … என விரியும். முதலாவதைத் தவிர எல்லாம் சுழன்று மறையும். விடை 2பை. இதனை முதன்முறை கண்ட நாளில் நாம் விடையை நம்பாது, வட்டத்தைப் பன்னிரண்டு பங்காக்கி, அட்டவணை கொண்டு பெறுமானங்களைக் கூட்டிப் பார்த்தோம். 2பையே வந்தது. சு இல்லாத உறுப்பைப் பொறுக்கும் இவ்வழியே மேலும் விரிந்து, கோசி என்னும் பிரெஞ்சுக் கணிதர் 1825 இல் வெளியிட்ட ஆய்வாலும் அவருடைய பிற ஆக்கங்களாலும் ஒரு பெருந்துறையாயிற்று. பல்கலைக்கழகம் புகுவோர் அதனை அங்கே கற்பர்.

இத்துணையும் புகழ்ந்தபின் ஓர் எச்சரிக்கையும் கூறவேண்டும். கூட்டல், மெய்யெண்ணாற் பெருக்கல், வகையிடல், தொகையிடல் ஆகியவற்றைச் செய்துவிட்டு இறுதியில் மெய்ப்பகுதியை எடுத்தாலும், முதலிலே எடுத்துவிட்டு அவற்றைச் செய்தாலும் விளைவு ஒன்றே. இரண்டு சிக்கலெண்களை ஒன்றோடொன்று பெருக்குதல் அவ்வாறன்று. பெருக்கத்தின் மெய்ப்பகுதி, மெய்ப்பகுதிகளின் பெருக்கம் அன்று. பேரேட்டின் இரு பத்திகளும் பெருக்கும்போது ஒன்றனுள் ஒன்று கலந்துவிடும். முதற் கணக்கில் அடு(2ய) மெய்யாதலின் இவ்விடர் நேரவில்லை.

இது ஏட்டளவில் நிற்கும் நுணுக்கமன்று. நம் வீடுகளுக்கு வரும் மின்சாரம் ஆடலோட்டம். செக்கனுக்கு 50 முறை கோசைன் சார்பின் நெறியில் ஏறியிறங்குவது. அதனை 230 வோல்ற்று என்கின்றோம். உச்சப் பெறுமானமோ ஏறத்தாழ 325. பின்னர் 230 எங்கிருந்து வந்தது? மின்குமிழ் கொள்ளும் வலு அழுத்தத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. ஆதலின் கோசைன் வர்க்கத்தைச் சுற்று முழுவதும் தொகையிட்டுச் சராசரி காணவேண்டும். (சு + 1/சு) என்பதன் வர்க்கத்தில் நடுக்குணகம் 2. 4 ஆல் வகுக்க, சராசரி ½. ஆகவே 325 ஐ 2 இன் வர்க்கமூலத்தால் வகுக்க வருவது 230. இனி அவசரக்காரர் ஒருவர் கோசைன் க என்னும் இடத்திற் சு என்பதை வைத்து, வர்க்கித்து, பின்னர் மெய்ப்பகுதியை எடுக்கலாம் என எண்ணினால், அவர் பெறுவது சு². அதன் சராசரி சுழி. குமிழ் எரியும், செலவு இல்லை என்றாகும். மாத முடிவில் வரும் மின்கட்டணச் சீட்டு அவரோடு உடன்படாது. செய்யத்தக்கது யாதெனில், ஒன்றை அப்படியே வைத்து மற்றொன்றின் உடன்புணரியாற் பெருக்கி, மெய்ப்பகுதியிற் பாதியை எடுத்தல். 1893 இல் ஸ்ரைன்மெற்ஸ் என்பார் சிக்காகோ நகரிற் கூடிய மின்னியலாளர் மாநாட்டுக்கு அளித்த கட்டுரையால், ஆடலோட்டக் கணிப்பிற் சிக்கலெண்கள் வேரூன்றின. நம் பழைய மாணவருள் மின்பொறியியலாளராய் விளங்குவோர் இன்றும் அவ்வழியிலேயே கணிக்கின்றனர், நாம் கூறவேண்டுவதில்லை.

இப்பொழுது வகுப்புகளிலிருக்கும் மாணவர்க்கு ஒரு கணக்கை விட்டுச் செல்கின்றோம். 1/(13 + 12 கோசைன் க) என்பதை முழுச் சுற்றுக்குத் தொகையிடுக. கீழேயுள்ளது (3 + 2சு)(3 + 2/சு) எனப் பிரியும். முன்போல விரித்துச் சு இல்லாத உறுப்பைப் பொறுக்கினால் 1/5 வரும், விடை 2பை/5. ஆனால் ஒருவர் அதையே (2 + 3சு)(2 + 3/சு) எனப் பிரித்தார் என்க. பெருக்கிப் பாருங்கள், அதுவும் சரியே. அவர் முன்போலவே விரித்து, பெருக்கல் விருத்தியின் கூட்டுத்தொகைச் சூத்திரத்தை வழங்கினால், அவர்க்கு வருவது −1/5. எங்கும் நேராயுள்ள சார்புக்கு மறைப் பரப்பு! கற்பனை எண் ஈண்டு யாதொரு குற்றமும் செய்யவில்லை. 3/2 இலும் அதன் வர்க்கத்திலும் அமைந்த விருத்தி ஒருங்காது. ஒருங்காத தொடருக்குக் கூட்டுத்தொகை எழுதியதே பிழை. 2 + 3சு என்பதிலிருந்து 3சு என்பதை முன்னே எடுத்து, எஞ்சிய 1 + 2/(3சு) என்பதை விரித்துப் பாருங்கள். 1/5 மீண்டும் வரும்.